அப்பா விட்டுப்போன நான்கு பொற்காசுகள்

கேள்வி: கிளீவ்லாண்டில் டாக்டராக இருந்த என் அப்பா 1970களின் கடைசியில் வாங்கிய நான்கு அமெரிக்கப் பொற்காசுகள் லாக்கரில் கிடைத்தன. மூன்று 20 டாலர் காசுகள் (1875, 1904, 1908); ஒன்று இரண்டரை டாலர் (1911). பழைய தங்கம் வாங்கும் ஒரு கடையில் நான்கையும் ஒன்றாகத் தராசில் போட்டு, 18 கேரட் கணக்கில் ஒரு தொகை சொன்னார்கள். கொடுத்துவிடலாமா? மங்கலாக இருக்கின்றன, தேய்த்து எடுத்துப்போனால் கூடுதலாகக் கிடைக்குமா?
— ஒரு வாசகி, ஒஹாயோ

பதில்: கொடுக்கவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். தேய்ப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். நான் முதன்முதலில் வாங்கியது 1881ஆம் ஆண்டு 5 டாலர் காசு. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன், பளபளவென்று ஆனது. ஒரு டீலர் அதை விளக்கடியில் லேசாகச் சாய்த்தார். ஒரே திசையில் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள். "இனி இதற்குத் தங்க விலைதான்" என்று திருப்பிக் கொடுத்தார். விற்க மனம் வராமல் இன்னும் வைத்திருக்கிறேன். நீங்கள் காசை விளிம்பில் பிடித்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது கடைக்காரர் கணக்கு. இந்தக் காசுகளில் 90 சதவீதம் தங்கம், மீதி செம்பு. கேரட்டில் சொன்னால் 21.6. அதைப் பதினெட்டு என்று போட்ட உடனேயே தங்கத்தில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது! 20 டாலர் காசின் எடை 33.4 கிராம், அதில் சுத்தத் தங்கம் 0.9675 டிராய் அவுன்ஸ். தங்கம் அவுன்ஸ் 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் தங்கம் மட்டும் சுமார் 2,900 டாலர். அன்றைய விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒன்று, தங்கத்துக்கு டிராய் அவுன்ஸ்தான் கணக்கு, 31.1 கிராம். சமையலறைத் தராசு காட்டும் அவுன்ஸ் 28.35 கிராம்.

இது அடித்தள விலை. அதற்கு மேல் எவ்வளவு என்பதை ஆண்டும், எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் ஒரு சின்ன எழுத்தும், தேய்மானமும் முடிவு செய்யும்.

1904 சுலபம். அறுபது லட்சத்துக்கும் மேல் அடித்த காசு. நல்ல நிலையில் இல்லாவிட்டால் தங்க விலையை ஒட்டித்தான் போகும். 1875ஐத் திருப்பி, கழுகின் வாலுக்குக் கீழே பாருங்கள். 'சிசி' என்று இரண்டு எழுத்து இருந்தால் அது நெவாடாவின் கார்சன் சிட்டியில் அடித்தது. அந்த நாணயச்சாலையின் காசுகளுக்குச் சேகரிப்பவர்கள் தனியாகப் பணம் தருவார்கள். அப்படியே கீழே உள்ள மதிப்பையும் படியுங்கள். அந்த ஆண்டில் 'ட்வென்ட்டி டி.' என்று சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும். 'டாலர்ஸ்' என்று முழுதாக எழுத ஆரம்பித்தது 1877இல்தான். முழுதாக இருந்தால் காசு போலி.

1908இல் கொஞ்சம் கதை இருக்கிறது. காசில் கடவுள் பெயர் வருவது மரியாதைக்குறைவு என்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் நினைத்தார். அதனால் செயின்ட் காடன்ஸ் வடிவமைத்த புதிய காசில் 'இன் காட் வி ட்ரஸ்ட்' இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1908இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆக, ஒரே ஆண்டில் இரண்டு வகை. பின்பக்கம் சூரியனுக்கு மேல் அந்த வாசகம் இல்லையென்றால் சாதாரணக் காசு. வாசகமும் இருந்து, முன்பக்கம் ஆண்டுக்கு மேல் 'எஸ்' என்ற எழுத்தும் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். அது 22,000 மட்டுமே அடித்தது.

நான்கில் குட்டிக் காசை அலட்சியம் செய்துவிடாதீர்கள். என் கண் அதன் மேல்தான். தங்கம் என்று பார்த்தால் 0.12 அவுன்ஸ்தான். ஆனால் 1911இல் டென்வரில் 55,680 மட்டுமே அடித்தார்கள், இந்த வடிவத்தில் வந்த இரண்டரை டாலர் காசுகளிலேயே கிடைக்க அரிதானது அதுதான். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பின்பக்கம், கழுகு நிற்கும் அம்புக்கட்டின் முனைக்கு இடப்பக்கம் 'டி' தெரிகிறதா? பல காசுகளில் அது அரைகுறையாகத்தான் விழுந்திருக்கும். காசை மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் நிழல் தட்டும். தெரிந்தாலும் உடனே துள்ளாதீர்கள். சாதாரணக் காசில் 'டி' ஒட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி நிறுவனத்துக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கிவிடுங்கள். 'சிசி' இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பலாம். 1904க்கு அந்தச் செலவு வீண்.

அப்புறம், இரண்டு மூன்று நாணய டீலர்களிடம் காட்டி, ஒவ்வொரு காசுக்கும் தனித்தனி விலை கேளுங்கள். மொத்தமாக விலை சொல்கிறவரிடம் எந்தக் காசுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகமே சொல்லிவிடும்.

கேள்வி: 1933இல் அமெரிக்க அரசு மக்களிடமிருந்து தங்கத்தை வாங்கிக்கொண்டதாமே. பழைய காசை விற்றால் வம்பு வருமா?

பதில்: வராது. அந்தத் தடை 1974 டிசம்பர் 31இலேயே நீங்கிவிட்டது. 1933ஆம் ஆண்டு போட்ட 20 டாலர் காசு மட்டும் விதிவிலக்கு. தனியார் சட்டப்படி வைத்துக்கொள்ள அனுமதி பெற்றது ஒன்றே ஒன்று. 2021இல் அது 1.89 கோடி டாலருக்கு ஏலம் போனது. உங்கள் பீரோவில் இன்னொன்று இருந்தால் கேட்க வேண்டியது என்னையல்ல, வக்கீலை.