அவையில் வைக்காத ரயில் விதி செல்லுமா?

செல்லும். புதிய ரயில் விதி நாடாளுமன்றத்தில் 30 நாள் வைக்கப்பட்டு முடியும்வரை செல்லாது என்று உங்கள் சரக்கு முகவர் சொன்னதற்காக, சேலம் செவ்வாய்பேட்டையிலிருந்து நேபாளத்தின் பீர்கஞ்சுக்குப் போகவேண்டிய உங்கள் ஜவ்வரிசியை நிறுத்திவைக்காதீர்கள். அரசிதழில் வந்த விதி, அதில் குறித்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்துவிடும்.

உங்கள் முகவர் 1989 ரயில்வே சட்டத்தின் 199ஆம் பிரிவைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு விதியும் இரு அவைகளிலும் உறுப்பினர்களின் பார்வைக்கு மொத்தம் 30 நாள் வைக்கப்பட வேண்டும் என்கிறது அது. அந்த 30 நாள் ஒரே கூட்டத்தொடரில் முடியவேண்டும் என்பதுகூட இல்லை. இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் விதியைத் திருத்தலாம், நீக்கலாம். அதற்கு முன் விதிப்படி நடந்தவை அப்படியே நிற்கும். இந்தக் கண்காணிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் அது முன்அனுமதி அன்று. ஆணையை அவையில் வைக்கச் சொல்லும் வேறொரு சட்டத்தில், அவையில் வைக்காததால் மட்டும் ஆணை செல்லாததாகிவிடாது என்று 1979இல் அட்லஸ் சைக்கிள் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

முகவர் காட்டிய தாளின் தலைப்பைப் பாருங்கள். அரசிதழ் பகுதி 2, பிரிவு 3, ஜி.எஸ்.ஆர். எண் (பொது விதிகளுக்கு அரசிதழ் தரும் வரிசை எண்) இருந்தால் அது விதி. ரயில்வே வாரியத்தின் கட்டணச் சுற்றறிக்கை என்றால் அவையில் வைக்கும் பேச்சே எழாது. கட்டணம் 30ஆம் பிரிவின்கீழ் ஆணையாக வருவது.

ஒன்று மட்டும்: எந்தச் சரக்கு ரயில் எல்லை தாண்டலாம் என்பது 2004 இந்திய–நேபாள ரயில் ஒப்பந்தத்தையும் அதன் 2021 திருத்தத்தையும் பொறுத்தது. சுங்க விதிகள் தனி. இரண்டையும் எல்லை நிலையமான ரக்சவுலில் சரக்கு இறங்குமுன் கேட்டுவிடுங்கள்.