மகன் குவார்ட்டர்பேக்: எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது?

ஹூஸ்டன் புறநகரில் வசிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் குவார்ட்டர்பேக், அதாவது பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவன். பந்தை எறியவும் தெரியும், வழி கிடைத்தால் தானே தூக்கிக்கொண்டு ஓடவும் தெரியும். முழு உதவித்தொகையுடன் எந்தப் பெரிய பல்கலைக்கழகமும் அழைக்கவில்லை. ஆனால் வெளி மாநிலத்தில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று கம்ப்யூட்டர் சயன்ஸில் இடம் கொடுத்திருக்கிறது. அங்குள்ள கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர், "உதவித்தொகை இல்லாமல் வந்தால் அணியில் சேர்த்துக்கொள்கிறோம்" என்றும் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு இது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். நியூ ஜெர்சி தாய்மாமா, கோயம்புத்தூர் பெரியப்பா என எல்லோரும் வாட்ஸ்அப்பில் வாழ்த்தும் சொல்லிவிட்டார்கள். பையன் மட்டும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. தனக்குத் தூக்கம் வரவில்லை என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்த அம்மா.

அம்மா, பெரிய அழைப்பு வராததை உங்கள் மகனின் குறையாக எண்ண வேண்டாம். 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் இணையப் பட்டியல், வந்தது. 2021 முதல், கல்லூரி மாறிய மாணவன் ஓராண்டு காத்திருக்காமல் உடனே ஆடலாம் என்று விதி தளர்ந்தது. அதன்பின், பதினேழு வயதுப் பையனை எடுத்து மூன்று ஆண்டுகள் வளர்க்கும் பொறுமை பல பயிற்சியாளர்களிடம் இல்லை. வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக் காட்டிய இருபத்தொரு வயதுக்காரனைத்தான் தேடுகிறார்கள். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவருக்கே இடமுள்ள குவார்ட்டர்பேக் பொறுப்பில் இந்த நெருக்கடி இன்னும் அதிகம்.

ஆறுதல் இவ்வளவுதான். உங்கள் கணவர் எறியப்போகும் அந்தக் கல்லில் ஒரு மாங்காயும் விழாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அந்த அணி வாக்குறுதி. 2025-இல் நீதிமன்றம் ஒப்புதல் அளித்த உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த பெரிய கல்லூரிகளின் கால்பந்து அணியில் 105 பேர்தான் இருக்கலாம். இதில் முதலில் அடிபட்டவர்கள், உதவித்தொகை இல்லாமல் சேருபவர்கள். இடம் கிடைத்தாலும் அவன் வாரம் எப்படிப் போகும் தெரியுமா? அடுத்த எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடித்து, தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சிப் பொம்மையாக வியாழன்வரை நிற்பான். சனிக்கிழமை எண்பதாயிரம் பேர் நிறைந்த அரங்கத்தில், சுத்தமான சட்டையுடன் கோட்டுக்கு வெளியே நிற்பான்.

ஓடியும் எறிந்தும் ஆடும் குவார்ட்டர்பேக்குக்கு இது படிப்பே ஆகாது. அவன் தொழிலின் நுட்பத்தைக் கவனியுங்கள். பந்து கைக்கு வந்ததும் அதை ஓட்டக்காரனின் வயிற்றோடு வைத்தபடியே, எதிரணியின் ஓரத்தில் நிற்கும் ஒருவனைப் பார்க்க வேண்டும். அவனை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டிருப்பார்கள். அவன் ஓட்டக்காரனை நோக்கி உள்ளே பாய்ந்தால், பந்தை உருவிக்கொண்டு அவன் விட்டுப்போன இடத்தின் வழியே ஓட வேண்டும். நகராமல் நின்றால், பந்தை ஓட்டக்காரனிடமே விட்டுவிட வேண்டும். இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு நொடிகூட இல்லை. வீடியோ பார்த்தால் இது புரியும். கண்ணுக்கும் கைக்கும் பழகுவது உண்மையான ஆட்டத்தில், உண்மையான அடி விழும்போதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கால் வேகம் உள்ள குவார்ட்டர்பேக்கைப் பார்த்தால், "பந்து பிடிப்பவனாக மாறிவிடேன்" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2001-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய எரிக் கிரவுச்சைத் தொழில்முறை அணி எடுத்தது பந்து பிடிப்பவராகத்தான். லூயிவில் பல்கலைக்கழகத்தில் 2016-இல் ஒரே பருவத்தில் 3,543 கெஜம் எறிந்து 1,571 கெஜம் ஓடிய லமார் ஜாக்சனுக்கும் அதே அறிவுரை வந்தது. அவர் மறுத்தார், குவார்ட்டர்பேக்காகவே நிலைத்தார். மாறுவது தவறு என்று நான் சொல்லவில்லை; கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜூலியன் எடல்மன் மாறித்தான் சாதித்தார். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவன் உங்கள் மகன். உதவித்தொகை இல்லாமல் போய் நிற்பவனிடம் அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

அடுத்து பணம். பல பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளி மாநில மாணவருக்கு ஆண்டுச் செலவு 60,000 டாலரைத் தாண்டுகிறது. நான்கு ஆண்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டின் மீது கடன் எடுப்பது, ஊரில் உள்ள நிலத்தை விற்பது என்று உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டையும் செய்யாதீர்கள். 2026 ஜூலை முதல், பெற்றோர் பெயரில் வாங்கும் மத்திய அரசுக் கல்விக் கடனுக்கே ஆண்டுக்கு 20,000 டாலர், ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. மீதிக்குத் தனியார் கடன்தான். ஐம்பது வயதில் உங்கள் கணவர் அதில் கையெழுத்துப் போடுவது பிள்ளையின் படிப்புக்காக அல்ல, உறவினர்கள் முன் சொல்லப்போகும் ஒரு பெயருக்காக. தாய்மாமாவின் வாழ்த்துச் செய்தி தவணை கட்டாது.

கம்ப்யூட்டர் சயன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகன் சனிக்கிழமை காலையில் தன்னிச்சையாக எழுந்து முந்தைய நாள் ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு, ஒவ்வொரு தவறுக்கும் குறிப்பு எழுதி, இளைய ஆட்டக்காரர்களுக்கு அனுப்புகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "பயிற்சியாளர் ஆக வேண்டும்" என்று அவன் சொன்னதை வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். டெக்ஸஸில் இருந்துகொண்டு அதை விளையாட்டுப் பேச்சாக ஒதுக்குவது பெரிய தவறு. இங்கே பெரிய பள்ளிகளின் தலைமைக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் பலர் ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். தொழில்முறைக் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வளர்த்த தந்தை உங்கள் ஹூஸ்டன் பக்கத்துச் சேனல்வியூ பள்ளியின் பயிற்சியாளராக இருந்தவர்தான். உடல் இயக்கம் பற்றிய கினீசியாலஜி படிப்பும் ஆசிரியர் சான்றிதழும் இருந்தால் இது நிலையான வேலை.

ஐ.டி., மருத்துவம், ஐவி லீக் பற்றி உங்கள் உறவினர்களே வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். ஆகவே யாரும் பேசாத வழிக்கு வருகிறேன்: ஜூனியர் காலேஜ். நம்மவர்கள் கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் அதே இரண்டாண்டுக் கல்லூரி.

கேம் நியூட்டன் 2007-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே குவார்ட்டர்பேக் இடத்தில் அவருக்கு முன்னால் டிம் டீபோ இருந்தார். ஆட வாய்ப்பில்லை, களத்துக்கு வெளியிலும் சிக்கல்கள். 2009-இல் அவர் போய்ச் சேர்ந்த இடம், உங்கள் வீட்டிலிருந்து 290-ஆம் நெடுஞ்சாலையில் ஆஸ்டின் பக்கம் போனால் வரும் பிரெனம் என்ற சிற்றூர். அங்குள்ள பிளின் காலேஜுக்கு அந்த ஆண்டே ஜூனியர் காலேஜ் தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 2,854 கெஜம் எறிந்து, 1,473 கெஜம் ஓடி, ஹைஸ்மனும் தேசியப் பட்டமும் வென்றார். 2011-இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் முதல் பெயர் அவருடையது. நியூட்டனின் உடல்வாகு எல்லோருக்கும் வாய்க்காது என்பீர்கள். சரி, டியேகோ பாவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அல்புகர்க்கி பையன், பெரிய உயரம் இல்லை, பெரிய அழைப்பும் இல்லை. ராஸ்வெலில் உள்ள நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து 2021-இல் அதே ஜூனியர் காலேஜ் பட்டத்தை வென்றார். பிறகு நியூ மெக்சிகோ ஸ்டேட், அதன்பின் வாண்டர்பில்ட். 2024 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை வாண்டர்பில்ட் 40-35 என்று வீழ்த்தியபோது அணியை நடத்தியவர் அவர்தான். வாண்டர்பில்ட் அலபாமாவை வென்றது 1984-க்குப் பிறகு அன்றுதான்.

பிளின், கார்சிகானாவின் நவாரோ, டைலர், கில்கோர், ஏதன்ஸ் ஊரின் டிரினிட்டி வேலி, பாவியா படித்த ராஸ்வெல் கல்லூரி எல்லாம் ஒரே கூட்டமைப்பில் ஆடுபவை. அணி விரும்பினால் கட்டணம், புத்தகம், விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் உதவித்தொகையாகத் தர விதி இடம் கொடுக்கிறது. எதுவுமே தராவிட்டாலும், டெக்ஸஸ் மாணவருக்குப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர்தான். கலிஃபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படிப்பு வீணாகுமோ என்ற பயத்துக்கு மாநிலச் சட்டமே பதில் சொல்கிறது. 42 கிரெடிட் (பாட அலகுகள்) கொண்ட பொதுப் பாடத்திட்டத்தை இரண்டாண்டுக் கல்லூரியில் முடித்தால், டெக்ஸஸின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் அதை அப்படியே ஏற்க வேண்டும். பட்டச் சான்றிதழில் இருக்கப்போவது கடைசியில் படித்து முடிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளாகத் தொடங்கிய சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டும் டெக்ஸஸ் ஸ்டேட்டும் உங்கள் மகனின் விருப்பத்துக்கு நன்றாகப் பொருந்தும். இரண்டும் கால்பந்தில் முதல்நிலைப் பிரிவில் ஆடுபவை.

இங்கே கெட்டிக்காரத்தனம் காலக்கணக்கில் இருக்கிறது. கோடை வகுப்புகளையும் சேர்த்துப் படித்து, இரண்டாம் ஆண்டு டிசம்பரிலேயே தேவையான கிரெடிட்டுகளை முடித்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஜனவரியில் புதிய பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வசந்தகாலப் பயிற்சியில் கலந்துகொள்ளலாம். மே மாதம் முடிப்பவன் வரும்போது முதல் இடத்துக்கான போட்டி பாதி முடிந்திருக்கும். உடற்பயிற்சி வகுப்புகளில் எளிதாகச் சேரும் கிரெடிட்டுகளை நம்ப வேண்டாம். மாறும்போது அவற்றில் பெரும்பாலானவை கணக்கில் வராது. பள்ளியில் முடிக்க வேண்டிய 16 முதன்மைப் பாடங்களையும் இப்போதே சரிபார்த்து, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தகுதி மையத்தில் பதிவு செய்துவிடுங்கள். பள்ளியிலேயே தகுதி பெற்றவனுக்கு, பின்னால் மாறும்போது கட்டுப்பாடுகள் குறைவு. ஜூனியர் காலேஜ் ஆண்டுகள் ஆடும் தகுதிக்கான காலக்கணக்கில் சேராது என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் பாவியா நீதிமன்றத்தில் பெற்ற நிவாரணத்தால் சிலருக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது உண்மை. உங்கள் திட்டம் மட்டும், முழுநேரமாகச் சேரும் நாளிலிருந்து ஐந்தாண்டு என்ற கணக்கிலேயே இருக்கட்டும்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். விடுதிகள் சாதாரணமானவை, ஊர்கள் சிறியவை. ஒரே இடத்துக்குப் பல குவார்ட்டர்பேக்குகள் வருவார்கள். ஓடும் குவார்ட்டர்பேக் அதிகம் அடி வாங்குவான். கல்லூரியின் காப்பீடு பெரும்பாலும் உங்கள் குடும்பக் காப்பீட்டுக்குப் பிறகுதான் வரும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரியில் ஆடி, தொழில்முறைத் தேர்வுக்குத் தகுதி பெறுபவர்களில் தொழில்முறை அணிகள் எடுப்பது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அதனால்தான் கடனில்லாத பட்டத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மே 1-ஆம் தேதிக்குள் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கட்டச் சொல்லும் முன்பணத்தைக் கட்ட வேண்டாம். இந்த வாரமே மகன் தன் ஆட்ட வீடியோவையும் மதிப்பெண் பட்டியலையும் பிளின், நவாரோ, கில்கோர் பயிற்சியாளர்களுக்கு அனுப்பட்டும். போனில் பேச வேண்டியவனும் அவனே. கேட்க வேண்டியவை: குவார்ட்டர்பேக்காகத்தான் எடுக்கிறீர்களா, அந்த இடத்துக்கு இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள், சென்ற இரண்டு ஆண்டுகளில் இங்கிருந்து எத்தனை பேர் டிசம்பரில் முடித்துப் போனார்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம், நடுவில் பேச வேண்டாம்.