முடிந்ததா, முடிந்திருந்ததா?

'வென் ஐ அரைவ்டு, த மீட்டிங் எண்டட்' என்று எழுதியதை மேலாளர் 'ஹேட் எண்டட்' என்று ஏன் திருத்தினார் என்று கேட்டிருந்தீர்கள். அவர் திருத்தியது சரிதான். நீங்கள் எழுதியபடி படித்தால், நீங்கள் உள்ளே நுழையவும் கூட்டம் முடியவும் சரியாக இருந்தது என்றாகிவிடும். 'ஹேட்' போட்டால், நீங்கள் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

தமிழிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது, பாருங்கள்: 'நான் போனபோது கூட்டம் முடிந்தது', 'முடிந்திருந்தது'. இப்படி 'இருந்தது' ஒட்டி வருகிற இடத்தில் பெரும்பாலும் 'ஹேட்' வரும்.

அதற்காக எல்லா வரியிலும் போட்டுவிடாதீர்கள். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொன்னால் சாதாரண இறந்தகாலமே போதும்: 'ஐ லாக்டு த டோர் அண்ட் லெஃப்ட்'. அப்புறம், 'ஆஃப்டர்', 'பிஃபோர்' இருந்தால் அதிலேயே வரிசை தெரிந்துவிடும். அங்கே 'ஹேட்' பெரும்பாலும் உங்கள் விருப்பம்.