நாய்க்குக் காதில் வாடை: பூண்டு எண்ணெய் விடலாமா?

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு நான்கு வயது. இரண்டு வாரமாகத் தலையை உதறிக்கொண்டே இருக்கிறது. வலது காதில் வாடை, பழுப்பு நிற அழுக்கு. தேங்காய் எண்ணெயில் பூண்டு காய்ச்சி விடச் சொல்கிறார் என் மாமியார். வினிகரும் நல்லது என்கிறார்கள். இயற்கையானவைதானே, விடலாமா?
- வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: விட வேண்டாம். உங்கள் மாமியார் சொல்வது நம் வீடுகளில் பிள்ளைகளின் காதுவலிக்குக் காலங்காலமாகச் செய்துவந்த கைவைத்தியம். (பிள்ளைகளுக்கும் அது வேண்டாம் என்பது தனிக்கதை.)

நாயின் காதுக்குழல் முதலில் செங்குத்தாகக் கீழே இறங்கி, அப்புறம்தான் உள்நோக்கித் திரும்புகிறது. ஊற்றுகிற எண்ணெய் அந்தத் திருப்பத்தில் போய்த் தேங்கும். லேப்ரடாருக்குத் தொங்குகாது; உள்ளே காற்றோட்டம் குறைவு. உங்கள் பகுதியின் கடலோரப் புழுக்கம் வேறு. பழுப்பு அழுக்கும் புளித்த வாடையும் இருந்தால் பெரும்பாலும் மலசீசியா என்ற ஈஸ்ட்தான் காரணம். ஈரமும் பிசுக்கும் உள்ள இடத்தில் கொழிக்கிற கிருமி அது. அதற்குப் போய் எண்ணெய் வார்ப்பானேன்? பூண்டு, புண்பட்ட தோலை எரிக்கும். காதிலிருந்து வழிவதை நாய் நக்கி விழுங்கினால், அதன் இரத்தச் சிவப்பணுக்களுக்கும் பூண்டு ஆகாது.

வினிகரை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதிலுள்ள அசிட்டிக் அமிலம் ஈஸ்டையும் சில பாக்டீரியாக்களையும் அடக்கும். கால்நடை மருத்துவர்கள் தரும் சில காது கழுவும் திரவங்களிலேயே அது அளவோடு கலந்திருக்கிறது. ஆனால் சிவந்து புண்ணான காதில் சமையலறை வினிகர் பட்டால் நாய் அலறும். மறுநாள் காதைத் தொடவே விடாது. செவிப்பறை கிழிந்திருந்தாலோ, விடுகிற திரவம் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. போன முறை மீந்த சொட்டு மருந்தையும் இதனால்தான் நீங்களாக விடக்கூடாது. அதிலிருக்கக்கூடிய ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் உள்ளே இறங்கினால் கேட்கும் திறனே பாதிக்கப்படலாம். தேயிலை மர எண்ணெய் (டீ ட்ரீ ஆயில்) நாய்க்கு நச்சு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டாத தூரமில்லை. கருவியால் உள்ளே பார்த்து, பஞ்சுக் குச்சியில் துளி அழுக்கெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஈஸ்டா, பாக்டீரியாவா, காதுப் பூச்சியா என்று தெரிந்துவிடும். மூன்றுக்கும் மருந்து வேறு. அதுவரை, காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சால் காது மடலின் உட்புறத்தை, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் துடையுங்கள். பட்ஸ் வேண்டாம், அழுக்கை இன்னும் ஆழத்தில் தள்ளிவிடும்.

மருந்து எழுதிக் கொடுத்தால், மடலைத் தூக்கிப் பிடித்து மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் பிசையுங்கள். உள்ளே சளக் சளக்கென்று சத்தம் கேட்டால் மருந்து இறங்குகிறது. பிறகு உதறட்டும், விலகி நில்லுங்கள். வாடை போய்விட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, உதறி உதறி மடல் பலூன்போல வீங்கினாலோ அன்றைக்கே போய்விடுங்கள்.

இன்னொன்று: பாதத்தையும் நக்குகிறதா? ஆம் என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வரும் காதுத் தொற்றுக்கு அடியில் பல நேரம் ஒவ்வாமை இருக்கும். அது உணவால் வருகிறதா என்று அறிய, தினமும் போடுகிற கோழிக்கறியையே சில வாரம் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம்.