பல்கலைக்கழக ஆய்வும் தொழிற்சாலையும்: கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து கேள்வி பதில்

ஆய்வை விற்பது, ஆக்கவுரிமை (நம் கண்டுபிடிப்பைப் பிறர் கேட்காமல் பயன்படுத்த விடாத சட்ட உரிமை, பேற்றன்ற்), கம்பனியோடு ஒப்பந்தம், இவைதான் என் துறை. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும்.

சேர், நெல்லின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்று செய்திருக்கிறோம். அடுத்த மாதம் கண்காட்சியில் வைத்துவிட்டு ஆக்கவுரிமை எடுக்கலாமா? (பொறியியல் மாணவி, கிளிநொச்சி)

தங்கச்சி, முதலில் விண்ணப்பம், பிறகு கண்காட்சி. வெளியே தெரிந்துவிட்டால் அது புதியது அல்ல என்று ஆக்கவுரிமை கைநழுவலாம். நாமே வெளியிட்டிருந்தால் ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அப்படிப் பொதுச் சலுகை இல்லை. சுவரொட்டி, முகநூல் காணொளி, மாநாட்டுச் சுருக்கம் எல்லாமே வெளியீடுதான். இன்னொன்று: ஈரமானி கடையில் ஏற்கெனவே கிடக்கிறது. உங்கள் கருவியில் புதியது எது என்று ஒரே வசனத்தில் எழுத முடியாவிட்டால் விண்ணப்பக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நான் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகம் பிடுங்கிவிடாதா? (வவுனியா)

கூகுளின் தேடல் முறைக்கான ஆக்கவுரிமை அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருந்தது. அதைப் பயன்படுத்த உரிமம் கொடுத்ததற்கு விலையாகக் கூகுளின் பங்குகளை வாங்கிய பல்கலைக்கழகம் 2005இல் அவற்றை 33.6 கோடி டொலருக்கு விற்றது. கூகுளைத் தொடங்கிய இரண்டு மாணவர்களும் பிச்சை எடுக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் புலமைச் சொத்துக் கொள்கையை, அதாவது கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் விதிகளை, வாங்கி வாசியுங்கள். வாசிக்காமல் பயப்படுகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

நானோ உரம் எங்கட நாட்டில் கண்டுபிடித்ததாம். பிறகேன் என் வயலுக்கு வரவில்லை? (விவசாயி, இரணைமடுக் குளத்தின் கீழ்)

ஐயா, இன்று வந்ததில் நல்ல கேள்வி உங்களுடையதுதான். அரசும் தனியார் கம்பனிகளும் சேர்ந்து 2008இல் ஸ்லின்ரெக் என்ற நானோ தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கின. யூரியாவை வயலில் எறிந்தால் தண்ணீரில் உடனே கரைந்துவிடும். பயிர் எடுத்தது போக மிச்சம் வாய்க்காலோடும் காற்றோடும் போகிறது. அங்கே செய்த வேலை இதுதான்: எலும்பில் உள்ள கல்சியம் பொஸ்பேற் போன்ற ஒரு பொருளை மிக நுண்ணிய துகளாக்கி, அதன் மேல் யூரியாவைப் பிடித்து வைத்தார்கள். தண்ணீரில் அது ஏறத்தாழ 12 மடங்கு மெதுவாகக் கரைகிறது. பாதி யூரியாவோடு விளைச்சல் குறையவில்லை என்று 2017இல் கட்டுரையும் வந்தது.

ஆனால் அந்த ஆக்கவுரிமை அதற்கு முன்பே இந்திய உரக் கம்பனி ஒன்றுக்குப் போய்விட்டது. கோபம் வரும்தான். ஆனால் ஆய்வுகூடத்தில் செய்வது கிராம் கணக்கு, உங்களுக்கு வேண்டியது தொன் கணக்கு. இடையில் ஒரு பரீட்சார்த்த ஆலை வேண்டும். அதற்குக் காசு போடுகிறவன் பக்கம்தான் உரிமை சாயும்.

2021இல் இந்தியாவிலிருந்து இறக்கிய நானோ நைதரசன் திரவம் வேறு சரக்கு. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கிளிநொச்சி எப்போது சிலிக்கன் பள்ளத்தாக்கு ஆகும்? (மல்லாவி, பூநகரி, மாங்குளம், இன்னும் பலர்)

அந்தப் பள்ளத்தாக்கில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் தன் காணியில் தொழிற்பூங்கா தொடங்கியது 1951இல். இராணுவ ஆய்வுப் பணமும் அங்கே கொட்டியது. அந்த வழியை இங்கே யாரும் கேட்க மாட்டீர்கள் என நினைக்கிறேன். அடுத்த கேள்வி.

கொக்கிளாய், புல்மோட்டைக் கறுப்பு மணலை வெறும் மூலப்பொருளாகவே கப்பலேற்றுகிறார்கள். பல்கலைக்கழகம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? (முல்லைத்தீவு)

பார்த்துக்கொண்டு மட்டும் இல்லை, தம்பி. அந்த மணலில் உள்ள இல்மனைற் என்ற கனிமத்திலிருந்து வெள்ளை வர்ணப்பூச்சுக்கு வேண்டிய தைத்தேனியம் டையொக்சைட்டை எடுக்கும் ஆய்வு இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது. தடை ஆய்வில் இல்லை. சல்பூரிக் அமில முறையில் போனால் ஒரு தொன் வெள்ளைத் தூளுக்குப் பல தொன் கழிவு, இரும்புச் சல்பேற்றும் பழைய அமிலமுமாக. குளோரீன் முறை அதைவிடச் சுத்தம். ஆனால் அதற்கு இல்மனைற்றை வழக்கமாக முதலில் தரம் உயர்த்துவார்கள். மின் உலையில் உருக்குவது அதில் ஒரு வழி.

குளோரீனா? போருக்கு முன் எங்கள் பரந்தன் தொழிற்சாலையில் செய்ததுதானே! (பரந்தன்)

அதேதான். உப்புநீருக்குள் மின்சாரம் விட்டு எரிசோடாவும் குளோரீனும் எடுத்தார்கள். பக்கத்தில் ஆனையிறவு உப்பு, தென்கிழக்கே மணல். வரைபடத்தைப் பார்த்தால் வாய் ஊறும். மின் கட்டணத்தைப் பார்த்தால் வாய் உலரும்.

சேர் கணக்கு மட்டும் பார்க்கிறார். எங்கள் தீவில் மணலைத் தோண்டினால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? ஆலையும் வேண்டாம், அகழ்வும் வேண்டாம். (மன்னார்)

ஆலையையும் அகழ்வையும் பிரித்துப் பேசுங்கள், தம்பி. புல்மோட்டையில் ஏற்கெனவே அள்ளுகிற மணலைப் பற்றித்தான் நான் சொன்னேன். மன்னாரில் நன்னீர் மணலுக்குள்தான் தேங்கி நிற்கிறது. உங்கள் பயம் நியாயம். அதை அளப்பதும் பல்கலைக்கழக வேலைதான். தோண்டும் கம்பனியின் காசில் அந்த அளவீட்டைச் செய்தால் முடிவை யார் நம்புவார்? அதனால் கிணற்று நீரை இப்போதே, யாரும் காசு தர முன்னரே, அளந்து வையுங்கள்.

அப்போ வேலையில்லாத பிள்ளைகளுக்கு மன்னார்க்காரர் சோறு போடுவாரா? (மறுபடி முல்லைத்தீவு)

இருவரும் நேரில் பேசிக்கொள்ளுங்கள். இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

கண்காட்சியில் வைத்துவிட்டோம், இப்போது ஆக்கவுரிமை… (மூன்று பேர்)

முதல் பதிலை வாசியுங்கள்.

கம்பனி ஒன்று இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறது. போடலாமா? (முதுமாணி மாணவர், வவுனியா)

போடலாம், வாசித்த பிறகு. உங்கள் ஆய்வேட்டை வெளியிடவிடாமல் எவ்வளவு காலம் தடுக்கலாம் என்ற வரியைத் தேடுங்கள். ஆக்கவுரிமை விண்ணப்பம் போடுவதற்குச் சில மாதம் கேட்டால் நியாயம். காலமே குறிக்காமல் இருந்தால் உங்கள் பட்டம் அவர்கள் கையில். மேற்பார்வையாளரும் பல்கலைக்கழகமும் பார்க்காமல் தனியாகக் கையெழுத்து வைக்காதீர்கள்.