என் விசுவாசம் போய்விட்டதா?

கேள்வி: எனக்கு முடக்குவாதம். மூன்று ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறேன். காலையில் விரல்கள் மடங்குவதில்லை. வேதாகமத்தின் பக்கத்தைப் புரட்டக்கூட யாராவது துணைக்கு வேண்டும். முழங்காலில் நின்று ஜெபித்துப் பழகியவள், இப்போது படுத்தபடி இரண்டு வரி ஜெபிப்பதற்குள் மனம் எங்கோ போய்விடுகிறது. அறிக்கைசெய்யாத பாவம் ஏதோ இருக்கிறது என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்கிறார் ஒரு சகோதரி. சென்ற மாதம் ஒருவர் தாம் சுகம் பெற்றதைச் சாட்சியாகச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சில இரவுகளில், காலையில் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. என் விசுவாசம் போய்விட்டதா? அடுத்த மாதம் நடக்கும் சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைக்கிறார்கள், போகலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதுதான் உங்கள் நோய். மருந்து அந்தத் தாக்குதலை அடக்கி வைத்திருக்கிறது. அதை விட்டால் வீக்கம் திரும்பும், ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டோ பழையபடி ஆகாது. நீங்கள் சாப்பிடுகிறவற்றில் ஸ்டீராய்டு இருந்து, அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தச் சகோதரி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் அது தவறான ஆலோசனை, வேதத்துக்கும் பொருந்தாதது. அடிக்கடி நோய்வாய்ப்பட்ட தீமோத்தேயுவுக்கு, வயிற்றின் நலனுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினாரே தவிர, பவுல் அவருடைய விசுவாசத்தைக் குறைசொல்லவில்லை. தம் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியஸ்தனாக விட்டுவந்ததையும் அவர் எந்தச் சங்கடமும் இல்லாமல் எழுதுகிறார். அவரோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

பாவத்தால்தான் நோய் வந்தது என்கிறவர்கள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை; யோபுவின் நண்பர்கள் அத்தியாயம் அத்தியாயமாகச் சொன்னதும் இதுதான். முதல் ஏழு நாட்கள் அவர்கள் யோபுவோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் எண்ணம். புத்தகத்தின் முடிவில் தேவனுடைய கோபம் தம்மோடு வழக்காடிய யோபுவின் மேல் வரவில்லை. தேவனுக்காக வாதாடுவதாக நினைத்துக்கொண்டிருந்த நண்பர்களின் மேல்தான் வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றே இயேசு பதில் சொன்னார். மனச்சாட்சி உறுத்துகிற காரியம் ஏதேனும் இருந்தால், எல்லோரையும்போல நீங்களும் அதை அறிக்கைசெய்யுங்கள். உறுத்தாத ஒன்றை நோய்க்குக் காரணம் கண்டுபிடிப்பதற்காகத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஏன் எனக்கு இந்த நோய் என்ற கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. அதைக் கேட்ட யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை.

இதில் யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தையும் உங்களுக்கு எதிராகக் காட்டியிருப்பார்கள். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்ற வசனத்தை எடுத்துக்கொண்டு, சுகம் வரவில்லையென்றால் பிணியாளியிடம் விசுவாசம் இல்லை என்று முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. முந்தின வசனத்தைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். வியாதிப்பட்டவர் செய்ய வேண்டியது சபையின் மூப்பர்களை வரவழைப்பது மட்டுமே; வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டியவர்கள் அவர்கள். படுத்திருப்பவரின் விசுவாசத்தை அளந்து பார்க்கும்படி யாக்கோபு யாருக்கும் சொல்லவில்லை. கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை நாலுபேர் இறக்கினார்களே, அங்கேயும் இயேசு 'அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' பேசினார் என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் இதை ஒட்டியதுதான். விசுவாசத்தை நீங்கள் ஒருவரே மன பலத்தால் விடாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும், பிடி தளர்ந்தால் எல்லாம் போயிற்று என்றும் எண்ணியிருக்கிறீர்கள். வேதாகமம் காட்டுகிற விசுவாசம் அப்படிப்பட்டதல்ல. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. ஜெபிக்க முடியாத நிலை விசுவாசிக்கு வரும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வரியில் உங்கள் மனம் அலைவதற்கு, தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் இந்த நோயோடு வரும் கடுமையான அசதியுமே போதிய காரணங்கள். 1967இல் லண்டனில், குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். நோயாளியின் வேதனையில் உடல், மனம், உறவுகள், ஆன்மா நான்கும் பின்னிக்கிடக்கின்றன என்று கற்பித்த அவர், வலி பொறுக்க முடியாமல் போகும்வரை காத்திராமல், அது திரும்புவதற்கு முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை வலியுறுத்தினார். ஆகவே இரவு வலி அடங்கவில்லை என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் ஆன்மிக காரியம்தான்.

விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்ற நினைவையும் அதே மருத்துவரிடம், முடிந்தால் இந்த வாரமே, சொல்லிவிடுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். உயிரை நீங்களே முடித்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது எழுந்தால், ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நீண்ட நாள் நோயோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது சாதாரணம். அதற்குச் சிகிச்சை உண்டு. போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார், தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இங்கே என்ன செய்கிறாய் என்று தேவன் கேட்டதெல்லாம், அந்தத் தூக்கமும் நாற்பது நாள் நடையும் கழிந்த பிறகுதான்.

ஜெபிக்கச் சொந்த வார்த்தை வராதபோது சங்கீதங்களை இரவலாக எடுத்துக்கொள்ளுங்கள். 88ஆம் சங்கீதத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புலம்பலாகத் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் போய் முடியும். இது அப்படித் திரும்புவதே இல்லை, தோழர்களும் விலகிப்போன இருளோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் அந்தப் புலம்பல் முழுவதும் தேவனை நோக்கியே சொல்லப்பட்டிருக்கிறது, அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தேவனிடமே முறையிடுகிறவர் அவரை விட்டுப் போய்விட்டவர் அல்ல. அதற்கும் தெம்பு இல்லாத நாளில், பிசாசு பிடித்த மகனைக் கொண்டுவந்த தகப்பன் சொன்ன 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்ற ஒரு வாக்கியம் போதும். இரண்டும் கலந்த அந்த ஜெபத்தை இயேசு தள்ளவில்லை. சபையில் நீங்கள் நம்பும் இரண்டு மூன்று பேரிடம், சில மாதங்களுக்கு எனக்காக நீங்கள் ஜெபியுங்கள், என்னால் முடியவில்லை என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

சாட்சியைக் கேட்டுக் கோபம் வந்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். சுகமானவர் சாட்சி சொல்ல மேடை இருக்கிறது. சுகமாகாமலே ஆண்டவரைப் பற்றிக்கொண்டிருப்பவருக்கு நம் சபைகள் அந்த மேடையைத் தருவதில்லை. தம் மாம்சத்தில் இருந்த 'முள்' என்று அவரே சொன்ன வேதனையை நீக்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்த பதில் 'என் கிருபை உனக்குப்போதும்' என்பதுதான். அவருடைய சாட்சியும் சாட்சியே.

கூட்டத்துக்குப் போக உங்களுக்கே விருப்பம் இருந்தால் போங்கள். சுகத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; பாடுகளின் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி இயேசுவே கெத்செமனேயில் கேட்டார். அழைத்தவர்களின் மனம் நோகக் கூடாது என்பதற்காக மட்டும் போக வேண்டாம். போனால் நெடுநேரம் நிற்காதீர்கள், கடைசி வரிசையில் நாற்காலி கேட்டு வாங்கி உட்காருங்கள். மேடைக்கு அழைத்தாலும் விருப்பமில்லையென்றால் போக வேண்டியதில்லை. வலி தீராமலே, தீர்ந்துவிட்டது என்று சொல்லும்படி யாராவது வற்புறுத்தினால், இல்லை என்றே சொல்லுங்கள். அன்றைக்குப் போட வேண்டிய மாத்திரைகளையும் கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.