டெடமிலிருந்து ஃபிளாட்ஃபோர்ட் வரை நாமே துடுப்புப் போட்டுப் போக முடியுமா? இருவருமே இதுவரை படகு வலித்ததில்லை

தாராளமாகப் போகலாம். இங்கிலாந்தின் இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் ஸ்டூர் சாதுவான ஆறு. அந்தப் பகுதியில் ஒரு கரை எசெக்ஸ், மறுகரை சஃபோக். டெடம் பாலத்தருகே கோடையில் வாடகைப் படகு கிடைக்கும். அங்கிருந்து ஃபிளாட்ஃபோர்ட் சுமார் இரண்டரை கிலோமீட்டர். வழியெல்லாம் தலை வெட்டிய வில்லோ மரங்கள். வெயில் ஏறினால் மாடுகள் ஆற்றில் இறங்கி நிற்கும், சுற்றிக்கொண்டு போங்கள்.

ஏறும்போது விளிம்பை மிதிக்காதீர்கள். இரு கையாலும் பக்கவாட்டைப் பிடித்து, குனிந்தபடி நடுவில் கால் வைத்து உடனே உட்காருங்கள். வலிப்பவர் நடுப்பலகையில், மற்றவர் பின்பலகையில். இருவரும் பின்னால் குவிந்தால் முன்முனை தூக்கிக்கொண்டு படகு அலையும்.

குழப்பமே இனிமேல்தான். வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். வலக்கைத் துடுப்பை ஓங்கி வலித்தால் படகு அவருடைய இடப்பக்கம் திரும்பும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குவதுதான் வழக்கம். ஆனால் படகின் வலம் வலிப்பவருக்கு இடம்! அதனால் பின்னால் இருப்பவர் 'லெஃப்ட், ரைட்' என்று கத்தாமல் கையை நீட்டிக் காட்டட்டும், பாதிச் சண்டை குறையும். நேராக ஓடும் இடத்தில், கடந்து வந்த மரம் ஒன்றைப் படகின் பின்முனைக்கு நேராக வைத்துக்கொண்டே வலியுங்கள். ஐந்தாறு வீச்சுக்கு ஒரு முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தால் போதும்.

துடுப்பின் அலகு, அதாவது தட்டையான நுனி மட்டும் தண்ணீருக்குள் மூழ்கினால் போதும். புதியவர்கள் ஆழமாகக் குத்துவார்கள். அப்போது அலகு வேளையோடு மேலே வராது, ஓடுகிற படகின் வேகத்தில் தண்ணீர் அதை இழுத்துக்கொள்ளும், கைப்பிடி வந்து நெஞ்சில் இடிக்கும். மல்லுக்கட்ட வேண்டாம். மறு துடுப்பை நிறுத்திப் படகு தளர்ந்ததும், மாட்டிய துடுப்பின் கைப்பிடியைக் கீழே அழுத்துங்கள். அலகு தானாக எழும்பும். முழங்கையை மடக்கி இழுப்பதைவிட, கையை நீட்டியபடி முதுகைச் சாய்த்து வலித்தால் மூச்சு வாங்காது. குறுகிய பாலத்தடியில் துடுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தூணில் மாட்டும்.

ஃபிளாட்ஃபோர்டில் மரப்பாலத்துக்கு அப்பால் படகுகளை மட்டம் மாற்றும் லாக் இருக்கிறது. அதை நெருங்காமல் திரும்பிவிடுங்கள். 1821இல் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த வைக்கோல் வண்டி ஓவியத்தின் இடம் லாக்குக்குக் கீழே, ஆலைக் குளத்தில் இருக்கிறது. படகிலிருந்து தெரியாது, கரையோடு நடந்துதான் பார்க்க வேண்டும்.

நேரக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டெடமிலிருந்து போகும்போது நீரோட்டத்தோடு போகிறீர்கள். திரும்பும்போது அது எதிர்க்கும். மேற்குக் காற்றும் சேர்ந்தால் இன்னும் சிரமம், கையும் அதற்குள் கொப்பளித்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு எடுத்திருந்தால், ஐம்பதாவது நிமிடத்தில் எங்கே இருந்தாலும் படகைத் திருப்பிவிடுங்கள்.